தொண்டி முதல் சாயல்குடி வரை: ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வயதைத் தேடி

முதல் நாள்: தொண்டி

ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் குழந்தைக்கு என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்ற கேள்வியை ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டுகள் எழுப்பியும் விளக்கியும் வந்தவள் நான். மாநிலம் முழுவதற்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் வேண்டும் என்று கூட்டங்களில் வாதாடியும் இருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு அப்படி ஓர் அளவுகோலுக்கான வரைவாக 24 கேள்விகள் கொண்ட ஒரு தாளை எழுதி வைத்தேன். மொழி, எண், கை கால் இயக்கம், மற்றப் பிள்ளைகளோடு பழகுதல், கவனம் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். அந்தத் தாள் இராமநாதபுரம் கடற்கரையில் நிற்கிறதா, விழுகிறதா என்று பார்க்கவே அனுமதி பெற்று இந்த ஆறு நாள் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். குழந்தைகளின் பெயரையோ படத்தையோ எங்கும் வெளியிடப் போவதில்லை.

இன்று பார்த்தது தொண்டிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மண்பாதையில் உள்ள ஒரு மையம். பலகையில் 'குழந்தைகள் மையம்' என்று எழுதியிருக்கிறது; ஊர் முழுவதும் அதைப் பால்வாடி என்றே சொல்கிறது. 14 குழந்தைகள் வந்திருந்தார்கள். தாளை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு முற்பகல் முழுவதும் மூலையில் பாயில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, டீச்சரின் நேரம் எங்கே போகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஆயா அன்று விடுப்பு. ஆகவே அரிசி களைந்து உலையில் போட்டதும் டீச்சரே. பாட்டுப் பாடத் தொடங்கி இரண்டாம் அடிக்கு வருவதற்குள் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் சத்துமாவு வாங்க வந்தார். அவருக்குக் கையெழுத்து, எடை, நாலு வார்த்தை ஆலோசனை. அதன்பின் கைபேசிச் செயலியில் வருகைப் பதிவு. கடலோரத்தில் இணைப்பு வந்து வந்து போவதால் ஒரே பதிவை மூன்று முறை போட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. ஒன்பதரை மணியிலிருந்து பன்னிரண்டரை மணி வரை, குழந்தைகளோடு அவர் உட்கார்ந்து எதையாவது கற்பித்த நேரத்தைக் கூட்டினால் 35 நிமிடம் வந்தது. அந்த 35 நிமிடமும் நன்றாகவே இருந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்: பாட்டில் அபிநயம் இருந்தது, கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகள் முண்டியடித்துப் பதில் சொன்னார்கள்.

"ரெண்டு கைதானேம்மா இருக்கு" என்றார் அவர், சோற்றை வடித்துக்கொண்டே. முறையிடும் தொனி அதில் இல்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியபோதே கூடுதல் உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்க்கு நலக்கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல் என ஆறு பணிகள் அதன் தலையில் வைக்கப்பட்டன. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் ஏறத்தாழ 54,000 மையங்களில் பெரும்பாலானவற்றில் இந்த ஆறையும் சுமப்பது ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். சோறு தவறினால் ஊர் கேட்கும். தடுப்பூசி தவறினால் அலுவலகம் கேட்கும். கதை சொல்லவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால் ஒவ்வொரு நாளும் முதலில் விட்டுப்போவது முன்பருவக் கல்வியே.

இது என் ஊகம் அன்று. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டிலேயே 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பிறகு, மையத்திலேயே தொடர்ந்த குழந்தைகள் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவு முன்னேறியிருந்தார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் ஐம்பதாவது இடத்தில் நின்ற குழந்தை, மொழியில் ஏறத்தாழ அறுபத்தெட்டாவது இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. பழைய பணியாளருக்குச் சற்று மூச்சுவிட நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்துப் பணியும் மேம்பட்டு, அந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் கடும் ஊட்டக்குறைவின் விகிதமும் குறைவாக இருந்தன. படிப்புக்காகச் சேர்த்த ஒரு கை, குழந்தையின் உயரத்திலும் தெரிந்திருக்கிறது.

என் தாளில் குழந்தைக்கு 24 கேள்விகள் இருக்கின்றன. மையத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இரவு விடுதியில் முதல் பக்கத்தின் தலைப்பில் எழுதிக்கொண்டேன்: 'இன்று டீச்சருக்குக் கற்பிக்கக் கிடைத்த நேரம்: எத்தனை நிமிடம்?'

இரண்டாம் நாள்: திருப்பாலைக்குடி, தேவிபட்டினம்

காலையில் பேருந்து திருப்பாலைக்குடியைத் தொட்டபோது கரையில் படகுகள் வந்துகொண்டிருந்தன. பாக் நீரிணைப் பக்கம் கடல் குளத்தைப் போல் அடங்கிக் கிடக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான். இன்று தாளை வெளியே எடுத்தேன்.

எட்டாம் கேள்வி, 'உனக்குத் தெரிந்த விலங்குகள், பறவைகளின் பெயர்களைச் சொல்' என்பது. இத்தகைய கேள்வி உலகமெங்கும் பயன்படுகிற முன்பருவ மதிப்பீடுகளில் உண்டு. ஒரு குழந்தை ஒரே வகைச் சொற்களை எவ்வளவு விரைவாகத் திரட்டித் தருகிறது என்பது அதன் சொல்வளத்தைக் காட்டும் நல்ல அடையாளம். ஐந்து வயது நிறையப்போகும் ஒரு பெண் குழந்தை என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாய், ஆடு, காக்கா என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மூன்று மதிப்பெண் என்று குறிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற ஆயா, "மீனு பேரு கேளுங்கம்மா" என்றார். கேட்டேன். சூடை, சாளை, நகரை, காரல், முரல், பாறை, ஊளி, விளமீன், கணவாய், திருக்கை, நண்டு, இறால் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். காரல் முள் என்பதால் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். என் குறிப்புக் கையேட்டின்படி மீன் 'விலங்கு, பறவை' என்ற வகையில் வராது. அந்த விதியை எழுதியவள் நான்தான்.

பன்னிரண்டு பெயர்களைச் சொன்ன குழந்தைக்கு மூன்று போட்டு, அதைச் சென்னையில் கூட்டிச் சராசரி எடுத்து, 'கடலோர வட்டாரங்களில் சொல்வளம் குறைவு' என்று ஓர் அறிக்கை வந்தால், அந்த அறிக்கையில் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், சொல்லப்பட்ட செய்தி மட்டும் பொய்யாக இருக்கும். இது எனக்கு இரவு வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

எண்ணிக்கைக் கேள்விகளில் வேறொன்றைக் கவனித்தேன். பதினோராம் கேள்வி ஒன்று முதல் இருபது வரை சொல்லச் சொல்வது. அதைப் பெரும்பாலான குழந்தைகள் பாட்டாகச் சொல்லிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் கேள்வி, குவித்து வைத்த பொருள்களிலிருந்து ஏழு மட்டும் எடுத்துத் தரச் சொல்வது. அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், கைநிறைய அள்ளித் தருகிறார்கள். எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் அந்தக் கூட்டத்தின் அளவு என்று பிடிபடுவது ஒரு பெரிய தாண்டல். இருபது வரை ஒப்பிப்பதைப் பார்த்து மகிழும் நாம், இந்தத் தாண்டல் நடந்ததா என்று கேட்பதே இல்லை.

தேவிபட்டினத்தில் மாலை நேரத்தில் ஒரு மையத்துக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பையன் சிப்பிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவன் பாட்டி மீன் விற்பவர். அந்த மையத்தில் அன்று பன்னிரண்டாம் கேள்வியில் தடுமாறியவன் இவன். "என்ன பண்றே?" என்றேன். "கூறு போடுறேன்" என்றான். மீன்காரர்கள் போடுவது போலவே சிப்பிகளை நான்கு கூறாகப் பிரித்திருந்தான். ஒன்று சிறுத்திருந்ததைப் பார்த்து இன்னொன்றிலிருந்து இரண்டை எடுத்து அதில் வைத்தான். சமமாகப் பிரிப்பது ஏழு எண்ணுவதைவிடக் கடினமான வேலை. அவனிடம் "எனக்கு ஏழு சிப்பியில ஒரு கூறு போட்டுக் கொடு" என்றதும் விரல் வைத்து எண்ணி ஏழு சிப்பியை எடுத்து வைத்துவிட்டு, மரியாதைக்கு ஒன்றை மேலே வைத்தான். மீன் விற்கும் இடத்தில் கொசுறு தருவது வழக்கம்.

எட்டாம் கேள்வியை அடித்துவிட்டு, 'உனக்குத் தெரிந்த மீன், விலங்கு, பறவை, பூச்சி, எது வேண்டுமானாலும்' என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் கேள்விக்கு இன்னும் யோசிக்க வேண்டும். மலையில் ஒரு பொருள், கடலில் ஒரு பொருள் என்று மாற்றினாலும் உள்ளே சோதிக்கும் திறன் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதுதான் மாநில அளவுகோலின் உண்மையான சிக்கல்.

மூன்றாம் நாள்: பாம்பன்

இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன். பாலத்தின் மேல் பேருந்து மெதுவாகப் போகும்போது இருபுறமும் இரண்டு கடல்களின் நிறம் வேறு வேறாகத் தெரியும். அதைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் சின்னப்பாலத்துக்குப் போகிறேன்.

இந்தப் பக்கத்துப் பெண்களில் பலர் கடற்பாசி எடுக்கப் போகிறவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைகளில், முகமூடிக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில்தான் வேலை. விடியும் முன்பே படகேறிவிடுவார்கள். மையம் திறப்பதற்கும் அம்மா கிளம்புவதற்கும் இடையில் உள்ள நேரத்தைப் பாட்டியோ எட்டு வயது அக்காவோ நிரப்ப வேண்டும். அந்த அக்கா பள்ளிக்குப் போகும் வழியில் தம்பியை இடுப்பில் தூக்கிவந்து விட்டுப் போவதைப் பார்த்தேன்.

இங்குள்ள டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். காலண்டரில் உள்ள பிறை வட்டங்களை ஒட்டி வருகை ஏறி இறங்குகிறது. பாசி நாள்களில் சின்னக் குழந்தைகள் அதிகம் வருகிறார்கள், ஏனென்றால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; அதே நாள்களில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் சிலர் வருவதில்லை, ஏனென்றால் வீட்டிலுள்ள கைக்குழந்தையின் தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டும். ஆண்களின் தொழிலும் அப்படித்தான்: விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் வாரத்தில் வெவ்வேறு நாள்கள். "அப்பா கரையில இருக்குற நாளு பிள்ளை வராதும்மா. அப்பாவைப் பார்க்குறதே அன்னைக்கித்தான்" என்றார். அந்த வராமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதிலிருந்து அளவீட்டுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிகள் திறப்பது ஜூன் மாதத்தில். அதாவது இந்தக் கரையின் குழந்தை ஒன்றாம் வகுப்புப் படியேறும் வாரம், வீட்டில் காசு மிகக் குறைந்திருக்கும் வாரமாகவும், கோடை விடுமுறையில் மையத்துப் பழக்கம் அறுந்து கிடக்கும் வாரமாகவும் இருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒரே நாளில், ஜூன் முதல் வாரத்தில் தயார்நிலையை அளந்தால், தஞ்சாவூர்க் குழந்தையை ஒரு நிலையிலும் பாம்பன் குழந்தையை வேறொரு நிலையிலும் பிடிப்போம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும் பார்ப்பதே நியாயம். செலவு கூடும் என்பது தெரியும்.

மையத்தின் கூரை உத்தரத்தில் பழைய தொங்கு தராசு ஒன்று இன்னும் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைய இராமநாதபுரம் மாவட்டமும் அதில் இருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, கோடு ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு தொடங்குவார்கள். எடை தேறியதும் நிறுத்துவார்கள். எடை பார்த்ததே சோறு போடுவதற்காகத்தான். அந்த அட்டையைத் தாய்க்குக் காட்டி, "போன மாசம் இங்கே, இந்த மாசம் இங்கே" என்று விளக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கோடு ஏறுகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அளவையும் செயலையும் இப்படி ஒரே கையில் வைத்திருந்த மாநிலம் இது. குழந்தையின் பேச்சும் எண்ணும் அறிவும் வளர்வதற்கு அப்படி ஒரு கோடு நாம் இன்னும் வரையவில்லை.

நான்காம் நாள்: கீழக்கரை

இன்று ஒரே ஊரில் இரண்டு உலகங்களைப் பார்த்தேன். முதலாவது, ஒரு தனியார் மழலையர் பள்ளி. மூன்றரை வயதுக் குழந்தைகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆங்கில எழுத்துகளைக் கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுவனின் விரல்கள் பென்சிலைச் சுற்றி இறுகி, நகம் வெளுத்திருந்தது. அந்த வயதில் கையின் சிறுதசைகள் இன்னும் எழுத்துக்கு அணியமாகவில்லை. களிமண் உருட்டியும் மணலில் கிறுக்கியும் அவை உறுதிப்பட வேண்டிய காலம். இரண்டாவது, நாலு தெரு தள்ளி ஒரு பால்வாடி. அங்கே பாட்டும் விளையாட்டும் இருந்தன, அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' கலைத்திட்டத்தின் செயல்பாட்டு நூல்களும் இருந்தன. ஐந்து வயதுக் குழந்தைகள்தான் இல்லை. மூன்று முடிந்ததும் நர்சரிக்கு மாற்றிவிடுகிறார்கள்.

பெற்றோரை நான் குறை கூறவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் வாப்பா அனுப்பும் பணத்தில் பிள்ளைக்கு ஆங்கிலம் வாங்கித் தர உம்மா விரும்புவதில் பிழை இல்லை. அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் முன்பருவக் கல்வி மையமும், குழந்தைகளின் கற்றல் நிலையை ஆராயும் அசர் மையமும் யுனிசெஃப் துணையோடு ராஜஸ்தான், அசாம், பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளை நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை பின்தொடர்ந்து, 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அங்கும் கண்டது. நான்கு வயதில் முன்பருவப் பள்ளி, ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பு என்று நாம் தாளில் வரையும் நேர்க்கோட்டில் குழந்தைகள் நடப்பதில்லை. அங்கன்வாடி, தனியார், அரசுப் பள்ளி என்று முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தனியாரில் எழுத்தும் கணக்கும் காலத்துக்கு முன்பே திணிக்கப்படுகின்றன. அங்கன்வாடியில் உணவும் பாதுகாப்பும் மிஞ்சிப் படிப்புக்கு நேரம் போதுவதில்லை. குழந்தையின் வளர்ச்சிக்கு ஏற்ற நல்ல திட்டத்தில் இருந்தவர்களுக்கே தயார்நிலை கூடியிருந்தது.

காலை ஆறரைக்கே மதரஸாவுக்குப் போய் ஓதிவிட்டு வரும் ஐந்து வயதுக் குழந்தைகள் இங்கே உண்டு. அலிஃப், பா, தா என்று வலமிருந்து இடமாக ஒரு எழுத்து முறை, பள்ளியில் இடமிருந்து வலமாக இரண்டு. கேட்ட ஒலியைப் பிசகாமல் திரும்பச் சொல்லும் என் மூன்றாம் கேள்வியில் இந்தக் குழந்தைகள் இதுவரை நான் பார்த்தவர்களில் எல்லாரையும் மிஞ்சினார்கள். நாக்கையும் தொண்டையையும் அவ்வளவு நுட்பமாகப் பழக்கியிருக்கும் ஓதலுக்கு எந்த மதிப்பீட்டுத் தாளிலும் இடமில்லை.

மதியம் ஒரு தாய் என் தாளை எட்டிப் பார்த்து, "என் பிள்ளை பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற குழந்தையின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஐந்து வயதில் அந்தச் சொல் காதில் விழவே கூடாது.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டான் ஆஃபர்டும் மக்டலேனா ஜேனஸும் உருவாக்கிய ஓர் அளவுகோல் இதற்கு வழி காட்டுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளை, பல மாதங்கள் குழந்தையோடு பழகிய ஆசிரியரே நிரப்புகிறார். குழந்தையைத் தனியே உட்கார வைத்துத் தேர்வு நடத்துவதில்லை. முடிவு குழந்தையின் பெயரில் வருவதில்லை, வட்டாரத்தின் பெயரில் வருகிறது. எந்தப் பகுதியில் பேச்சு பின்தங்கியிருக்கிறது, எந்தப் பகுதியில் உடல்நலம் பின்தங்கியிருக்கிறது என்று வரைபடமாகப் போட்டு, அங்கே என்ன தேவை என்று கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா இதைத் தழுவி 2009 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் எடுத்து வருகிறது. அந்தத் தாயிடம், "இது உங்க பிள்ளைக்கு வச்ச பரீட்சை இல்லைம்மா, எங்களுக்கு வச்சது" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. என் தாளின் வலது ஓரத்தில் மதிப்பெண்ணுக்கென்று கட்டம் போட்டிருந்ததுதான் காரணம். அதை இன்று நீக்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள்: வாலிநோக்கம்

ஏர்வாடி வழியாக வாலிநோக்கம். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இன்று நான் பார்த்தது மையத்தை அல்ல, குழந்தை போய்ச் சேரும் இடத்தை: இப்பகுதி அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஒன்றாம் வகுப்பை.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை சொன்னது நினைவில் நிற்கிறது. "பால்வாடியில இருந்து வர்ற பிள்ளை பாட்டுப் பாடும், ஆடும். இங்க வந்ததும் பெஞ்சில உட்காருன்னா ஒரு வாரம் அழும்." 2022இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பக் குழந்தைகளைப் பிரித்துச் செயல்பாடுகளால் கற்பிக்கச் சொன்ன பிறகு, அவர் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருக்கிறார். அழுகை குறைந்ததாம். தயார்நிலை என்ற சொல்லைக் குழந்தைக்கு மட்டும் ஏன் வைத்தோம்? பாய் விரித்தது பள்ளியின் தயார்நிலை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் ஏழைக் குழந்தைகளுக்காக நடத்தும் முன்பருவப் பள்ளித் திட்டத்தை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் ஏறத்தாழ 3,000 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று குலுக்கலில் பிரிந்த குழந்தைகள் அவர்கள். முதலாண்டு முடிவில் இடம் கிடைத்தவர்கள் முன்னே இருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் அந்த முன்னிலை போய்விட்டது. ஆறாம் வகுப்பில், 2022இல் வெளியான முடிவின்படி, அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். முன்பருவக் கல்வியே வீண் என்று இதை வைத்து வாதிடுகிறவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு: மாநிலம் முழுவதும் ஒன்றை விரிப்பது எளிது, அதன் உள்ளே நாள்தோறும் நடப்பதை நன்றாக வைத்திருப்பதும், அடுத்த வகுப்பு அதைத் தொடர்வதும் கடினம், ஒரு மாநிலம் தன் திட்டத்தையே இப்படிக் கூசாமல் சோதிக்கவிட்டதால்தான் அது வெளியே தெரிந்தது. நாமும் நம் குழந்தைகளை ஆறாம் வகுப்பு வரை பின்தொடர வேண்டும். 2019 ஜனவரியில் நம் மாநிலத்தில் 2,381 நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கி, 2022இல் நிறுத்தப்படும் என்று செய்தி வந்து, எதிர்ப்புக்குப் பின் தொடர்கிறது. அதில் படித்த முதல் குழந்தைகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதைத் தேடிப் பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வு.

ஆறாம் நாள்: சாயல்குடி

கடைசி மையம் சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில். பதிவேட்டில் ஐந்து வயதுக் குழந்தைகள் ஆறு பேர். வந்திருந்தவர்கள் இரண்டு பேர். மற்ற நால்வருக்கும் நேராக 'வரவில்லை' என்று எழுதியிருந்தது.

"எல்லாம் விடிலிக்குப் போயிருச்சுகம்மா" என்றார் டீச்சர். பங்குனி பிறந்தால் பனைத்தொழில் சூடுபிடித்துவிடும். அப்பா மரமேறிப் பதநீர் இறக்குவார், அம்மா காய்ச்சுவார். குடும்பமே காட்டுக்குள் பனையோலைக் குடிசை போட்டுத் தங்கிவிடும்; அதுதான் விடிலி. ஆடி வரை குழந்தைகள் அங்கேதான். பள்ளி திறப்பதற்கு முன்னும் பின்னுமாக நான்கு மாதம் அப்படிக் கழிகிறது. அரசமைப்பின் 45ஆம் பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஆறு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முன்பருவப் பேணலும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. எல்லாக் குழந்தைகளும் என்பதில் இந்த நால்வரும் உண்டு.

டீச்சர் மதிய உணவு முடிந்ததும் தன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். மணலில் சக்கரம் புதைந்து இருமுறை இறங்கித் தள்ளினோம். விடிலிக்குள் புகையும் கருப்பட்டி வாசமும். பாகு ஊற்றிய சிரட்டைகள் மணலில் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. அந்த நால்வரில் ஒருவனான பையன் எங்களைக் கண்டதும், "டீச்சரு!" என்று ஓடி வந்து அவர் சேலையைப் பிடித்துக்கொண்டான். பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார். பாதியை மறந்திருந்தான், மறந்த இடத்தில் அவனே ஒரு வரி போட்டுக்கொண்டான்.

பன்னிரண்டாம் கேள்வியைச் சிரட்டைகளை வைத்துக் கேட்டேன். "ஏழு காட்டு" என்றதும் தொட்டுத் தொட்டு ஏழில் நின்றான். "இதுல பத்து ஆகணும்னா?" என்றேன். அது என் தாளில் இல்லாத கேள்வி, ஒன்றாம் வகுப்புக் கணக்கு. மூன்று சிரட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, "பத்து ஆனா அம்மா ஒரு ஓலைப்பெட்டியில வைக்கும்" என்றான்.

கதைப் புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்ற கேள்வியில் அவன் தலைகீழாகப் பிடித்தான். அந்த விடிலியில் அச்சிட்ட தாள் என்று இருந்தது, பொட்டலம் கட்டிவந்த ஒரு நாளிதழ்த் துண்டு மட்டும். டீச்சர் தன் பையிலிருந்து இரண்டு படக்கதைப் புத்தகங்களை எடுத்து அவன் அம்மாவிடம் கொடுத்தார். வாசிக்கத் தெரியாது என்று அவர் கூச்சப்பட்டபோது, "படத்தைப் பார்த்து நீங்களா கதை சொல்லுங்கக்கா, அது போதும்" என்றார். வாரம் ஒரு நாள் வந்து புத்தகத்தை மாற்றித் தருவதாகவும் சொன்னார். அந்த ஒரு நாள் மதியம் எந்தப் பணியிலிருந்து கழியும் என்பதை நான் கேட்கவில்லை. முதல் நாள் தொண்டியில் பார்த்த 35 நிமிடம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் காட்டுக்கு வருவதற்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் அந்த மையத்தில் இருந்தால், பங்குனி முதல் ஆடி வரை நான்கு விடிலிகளுக்கும் போய்வந்துவிடலாம். தொலைவைக் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள்தான்.

சாயல்குடிப் பேருந்து நிலையத்தில் இதை எழுதுகிறேன். தாளில் இப்போது குழந்தைக்கு 19 கேள்விகள், மையத்துக்கு 6, பள்ளிக்கு 4. 'வரவில்லை' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'இப்போது எங்கே இருக்கிறார், யார் போய்ப் பார்த்தார்' என்று எழுதியிருக்கிறேன். பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். மதுரைப் பேருந்து வந்துவிட்டது.